மற்ற ஜனங்களைப் போல ஆக நினைத்தவர்கள், ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’ என்பதை ஏன் விடவில்லை?

#1 வாசகசாலை

கொஞ்ச நாளாக, யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச இயக்கத்தின் தொடக்க காலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யூதர்கள் ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’, அதாவது கடவுள் தேர்ந்தெடுத்த ஜனம், என்ற எண்ணம் ஏன் இன்னும் நிற்கிறது என்ற ஒரு விஷயம் மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்டு வைக்கிறேன்.

அந்த இயக்கத்தின் தலைவர் ஹெர்ட்ஸல் 1896-இல் யூத அரசு பற்றிய சிறுநூலை எழுதியபோதும், மறுவருஷம் பாசல் மாநாட்டைக் கூட்டியபோதும் அவருடைய வாதம் நேரானது. யூதர்கள் ஒரு தேசம். மற்ற தேசங்களுக்கு நாடு இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. அது கிடைத்துவிட்டால் மற்றவர்களின் வெறுப்பும் அடங்கும், இவர்கள் நிலைமையும் எல்லாரையும் போல ஆகிவிடும். கடவுள் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அந்த வாதத்தில் வேலையே இல்லை. 1948 மே 14 அன்று டெல் அவிவில் வாசிக்கப்பட்ட சுதந்திரப் பிரகடனமும், மற்றெல்லாத் தேசங்களையும் போலத் தன் தலைவிதியைத் தானே தீர்மானிப்பது யூத மக்களின் இயற்கை உரிமை என்றுதான் சொல்கிறது. கடவுள் பெயர் வேண்டும் என்று மதக் கட்சிக்காரர்கள் நின்றார்கள், கூடவே கூடாது என்று இடதுசாரிகள் நின்றார்கள். கடைசியில் ‘இஸ்ரவேலின் கன்மலை’ என்று போட்டு இரண்டு தரப்பையும் சமாளித்தார்கள். அதைக் கடவுள் என்று எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்ளலாம், மக்களின் உறுதி என்று எடுத்துக்கொள்கிறவர் அப்படியும் எடுத்துக்கொள்ளலாம்.

அதோடு அந்தத் தெரிவு என்ற எண்ணம் ஓய்ந்திருக்க வேண்டுமே? 2009-இல் இஸ்ரேலிய யூதர்களிடம் எடுத்த பெரிய கருத்துக்கணிப்பு ஒன்றில் 80% பேர் கடவுள் உண்டு என்றார்கள், 70% பேர் யூதர்கள் தெரிந்துகொள்ளப்பட்ட மக்கள் என்றார்கள். அங்குள்ள யூதர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தங்களை மதச்சார்பற்றவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஆக, ஓய்வுநாளான சனிக்கிழமையன்று கார் ஓட்டிக் கடற்கரைக்குப் போகிறவரும் இதற்கு ‘ஆமாம்’ போட்டிருக்கிறார்.

நம்பிக்கை கழன்ற பிறகும் இந்த எண்ணம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

#2 கொட்டாரம்

இதில் பிடிபடாமல் போக என்ன இருக்கிறது? ‘நாங்கள்தான் உசத்தி’ என்று சொல்லாத கூட்டம் உலகத்தில் ஏது? இவர்கள் அதைக் கடவுள் வாயால் சொல்ல வைத்தார்கள், அவ்வளவுதான். கடவுளை எடுத்துவிட்டாலும் ‘உசத்தி’ அப்படியே இருக்கும். தத்துவ விளக்கம் எல்லாம் வேண்டாம்.

#3 அருள்மணி

கொட்டாரம் அண்ணே, வேதத்தைப் புரட்டாமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நான் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன், பழைய ஏற்பாடு ஓரளவு தெரியும்.

உபாகமம் 7-இல் காரணம் சொல்லும்போதே, நீங்கள் எல்லா ஜனங்களிலும் கொஞ்சமானவர்கள் என்றுதான் வருகிறது. தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக இல்லை. யாத்திராகமம் 19-இல் ‘ஆசாரிய ராஜ்யம், பரிசுத்த ஜாதி’ (வேதத்தில் ஜாதி என்றால் தேசம்) என்ற வாக்கு ‘என் உடன்படிக்கையைக் கைக்கொள்வீர்களானால்’ என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் ஒரு படி மேலே போகிறார். பூமியின் எல்லா வம்சங்களிலும் உங்களை மட்டும் அறிந்துகொண்டேன் என்கிறார். அடுத்து ஏதோ பரிசு வரப்போகிறது என்று நினைப்போம். ‘ஆகையால் உங்களுடைய எல்லா அக்கிரமங்களினிமித்தமும் உங்களைத் தண்டிப்பேன்’ என்று முடிகிறது. 9-ஆம் அதிகாரத்தில் மிச்சமிருக்கும் பெருமையையும் பிடுங்கிவிடுகிறார். எகிப்திலிருந்து உங்களைக் கொண்டுவந்தேன், சரி. பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தது யார்? எத்தியோப்பியருக்கும் உங்களுக்கும் எனக்கு என்ன வித்தியாசம்? விரோதிகளின் இடப்பெயர்வையும் விடுதலைப் பயணத்தையும் ஒரே தட்டில் வைக்கிறார்.

யூத மதகுருக்களான ரபிமார்களின் கதைகள் தனி ருசி. அவர்களுடைய விளக்கங்களின் தொகுப்பான தால்முட்டில் ஒன்று: கடவுள் சீனாய் மலையைப் பெயர்த்து அந்த ஜனங்களின் தலைக்கு மேல் தொட்டியைக் கவிழ்ப்பது போலப் பிடித்துக்கொண்டு, தோராவை, அதாவது மோசேயின் சட்டத்தை, ஏற்றால் சரி, இல்லையென்றால் இங்கேயே உங்களுக்குக் கல்லறை என்றாராம். இன்னொரு கதையில் தோராவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜாதியிடமும் போகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். கொலை செய்யாதே, திருடாதே என்று கேட்டதும் ‘எங்களுக்கு ஒத்துவராது’ என்று ஒவ்வொருவராக அனுப்பிவிடுகிறார்கள். கடைசியில் இவர்கள் தலையில் விழுந்தது. உசத்தி என்று மார்தட்டுகிறவர்கள் தங்களைப் பற்றி இப்படியா கதை கட்டுவார்கள்?

#4 கொட்டாரம்

அந்த இரண்டாவது கதையைத் திரும்பப் படியுங்கள் தம்பி. மற்றவன் எல்லாம் கொலைகாரன், திருடன். அதனால் நாங்கள் மட்டும் ஏற்றோம். இதைவிடப் பெரிய மார்தட்டல் என்ன வேண்டும்?

#5 தாழ்வாரம்

இருவர் சொல்வதும் அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே கருத்து என்று வைத்துக்கொண்டு பேசினால் இழை முழுக்க இப்படியே இழுபறியாகத்தான் ஓடும்.

12-ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். ஸ்பெயினில் யெஹூதா ஹலேவி என்ற கவிஞர், கஸார் அரசன் ஒருவன் மதங்களை விசாரிக்கும் உரையாடலாக ஒரு நூல் எழுதினார். அதில் யூதர்களுக்குப் பிறப்பிலேயே ஒரு தெய்வீகக் கூறு உண்டு, ஆதாமிலிருந்து வழிவழியாக இறங்கி வருவது. மதம் மாறி வந்தவர் நல்லவராக இருக்கலாம், ஆனாலும் பிறப்பால் வந்தவருக்குச் சமமாக மாட்டார்.

இன்னொருவரான யூதத் தத்துவஞானி மைமோனிடிஸின் வழி வேறு. ஒபதியா என்று ஒருவர் யூத மதத்துக்கு மாறியவர். தொழுகையில் ‘எங்கள் பிதாக்களின் தேவனே’, ‘எங்களைத் தெரிந்துகொண்டவரே’ என்றெல்லாம் வருகிறதே, என் முன்னோர் யூதர்கள் இல்லையே, நான் அதைச் சொல்லலாமா என்று எழுதிக் கேட்கிறார். ஒரு எழுத்தையும் மாற்றாமல் சொல்லுங்கள் என்கிறார் மைமோனிடிஸ். ஆபிரகாமின் வழியில் நடக்கிறவர் எல்லாருக்கும் ஆபிரகாம்தான் தகப்பன். அதோடு விடவில்லை: உங்கள் வம்சத்தைத் தாழ்வாக நினைக்காதீர்கள், நாங்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபிடம் போய்ச் சேருகிறோம், நீங்களோ உலகத்தையே உண்டாக்கியவரிடம் போய்ச் சேருகிறீர்கள் என்கிறார். யூத நம்பிக்கையின் அடிப்படைகள் என்று அவர் வகுத்த 13-இல் ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’ என்பது இடம்பெறவே இல்லை.

இரத்தத்தில் இருப்பதா, ஏற்றுக்கொண்ட கடமையில் இருப்பதா என்ற இந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. நவீன தேசியம் வந்தபோது இரண்டில் எதை எடுத்துக்கொண்டது என்று பார்த்தால் வாசகசாலையின் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்.

நடுவில் தத்துவஞானி ஸ்பினோசாவை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1656-இல் ஆம்ஸ்டர்டாம் யூத சபை அவரை விலக்கிவைத்தது. 1670-இல் வந்த நூலில், அந்தத் தெரிவு பழைய எபிரேய அரசின் நல்வாழ்வு பற்றியது மட்டும்தான், அரசு போனதோடு அதுவும் போயிற்று என்று எழுதினார். காலம் கனிந்தால் அவர்கள் மறுபடி அரசு அமைக்கலாம், கடவுள் மறுபடியும் தெரிந்துகொள்ளலாம் என்றும் போகிற போக்கில் சேர்த்தார். 200 வருஷத்துக்குப் பிறகு சியோனிஸ்டுகள் அந்த ஒரு வாக்கியத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

#6 மாலைவெயில்

அமெரிக்கப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’ என்பதைச் சும்மா நம்பாமல் இருந்துவிடாமல், தொழுகைப் புத்தகத்தைத் திறந்து அடித்தே விட்டார்கள்.

1885-இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரபிமார்கள், நாங்கள் இனி ஒரு தேசம் அல்ல, ஒரு மதச் சமூகம் மட்டுமே என்று தீர்மானம் போட்டார்கள். ஆனால் தெரிவை அவர்கள் விடவில்லை. உலகமெங்கும் சிதறியிருப்பதே ஒரே கடவுள் என்ற அறத்தைப் பரப்பத்தான் என்று அதை ஒரு ஊழியமாக்கிக்கொண்டார்கள். தேசத்தை விட்டுவிட்டுத் தெரிவை வைத்துக்கொண்ட கூட்டம் அது.

மொர்தெகாய் காப்ளான் என்ற அமெரிக்க ரபி இதைத் தலைகீழாகத் திருப்பினார். யூத மதம் என்பதே ஒரு மக்களின் முழு நாகரிகம், மக்கள் வேண்டும், மொழி வேண்டும், நிலம் வேண்டும் என்றவர். தெரிவு மட்டும் வேண்டாம். எல்லாரும் சமம் என்று வெளியே சொல்லிவிட்டு ஜெப ஆலயத்துக்குள் நுழைந்து வேறொன்று சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. ஒவ்வொரு மக்களுக்கும் ஒரு பணி இருக்கலாம், ஒருவருக்கு மட்டும் தனிச் சலுகை இருக்க முடியாது.

ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்கும்போது ஒருவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். அவர் தன் தொழுகைத் துண்டின் நுனியால் சுருளில் வாசிக்கப்போகும் இடத்தைத் தொட்டு முத்தமிட்டு ஒரு ஆசி சொல்வார்: ‘எல்லா ஜனங்களிலிருந்தும் எங்களைத் தெரிந்துகொண்டு, தம் தோராவை எங்களுக்குத் தந்தவர்’. 13 வயதில் முதல்முறை மேடையேறும் பையனும் இதைத்தான் சொல்கிறான். மதத்தோடு வேறு ஒட்டே இல்லாத குடும்பத்திலும் அந்த ஒரு நாளுக்காக இதை மனப்பாடம் செய்வார்கள். காப்ளான் 1945-இல் வெளியிட்ட ஓய்வுநாள் தொழுகைப் புத்தகத்தில் அந்த வரி இல்லை. ‘தம் ஊழியத்துக்கு எங்களை அருகே சேர்த்தவர்’ என்று மாற்றியிருந்தார்.

அந்த ஜூன் மாதம் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் வைதிக ரபிமார்கள் கூடி அவரை விலக்கிவைத்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே புத்தகம் கொளுத்தப்பட்டது. ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

வாசகசாலை, உங்கள் கேள்விக்கு என் பங்கு இதுதான். கொள்கையாக இருந்தால் வாதம் செய்து கைவிட்டிருப்பார்கள். இது 13 வயதில் வாய்ப்பாடமாக ஏறியது. நம்பிக்கை போனாலும் வாய்ப்பாடம் போவதில்லை.

#7 பனங்காடு

எல்லாரும் யூதர்களையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே. 19-ஆம் நூற்றாண்டுப் போலந்துக் கவிஞர்கள் தங்கள் நாட்டை ‘தேசங்களின் கிறிஸ்து’ என்றார்கள். அமெரிக்காவில் கரையேறிய பியூரிட்டன்கள் தங்களைப் புது இஸ்ரவேல் என்றார்கள். தென்னாப்பிரிக்க ஆஃப்ரிகானர்கள் 1838 டிசம்பர் 16-இல் ஸூலுக்களை வென்ற நாளைக் கடவுளோடு செய்த உடன்படிக்கை நாளாகவே கொண்டாடினார்கள். பைபிளைக் கையில் எடுத்த தேசியம் எல்லாம் இப்படித்தான். நம் பக்கத்துத் தீவில் மகாவம்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று ஆரம்பித்தால்...

#8 மட்டுறுத்துநர்

பனங்காடு, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஆரம்பித்தால் இந்த இழை மூழ்கிவிடும். மற்றவர்கள் தொடரலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘யூதர்கள் உலகத்தை ஆளத் துடிக்கிறார்கள், அதற்குத்தான் இந்த நம்பிக்கை’ என்ற ரகத்தில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தப் பேச்சு எந்தக் கொலைக்களத்தில் போய் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

#9 வாசகசாலை

பனங்காடு சொன்னதில் ஒரு வித்தியாசத்தை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் கதையை இரவல் வாங்கியவர்கள். சொந்தக்காரர்களுக்கு அது 1,800 வருஷம் அரசோ படையோ இல்லாமல், கையில் வேறெதுவும் இல்லாதபோது இருந்த ஒரே ஆறுதல். அதே வாக்கியத்தை ஆட்சியில் இருந்துகொண்டு சொல்லும்போது அதன் எடை மாறுகிறது.

மாலைவெயில் சொன்ன அதே காலத்தில், அதே நியூயார்க்கில், காத்யா மொலொடோவ்ஸ்கி என்ற, ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியின் கவிஞர் ஒரு கவிதை எழுதினார். ஐரோப்பிய யூதர்கள் அழிந்த செய்திகள் வந்துகொண்டிருந்த 1945. கருணையுள்ள கடவுளே, இப்போதைக்கு வேறொரு ஜனத்தைத் தெரிந்துகொள்ளேன், செத்துச் செத்து எங்களுக்கு அலுத்துவிட்டது, வேண்டுதல் சொல்லவும் எங்களிடம் இனி எதுவும் மிச்சமில்லை என்று கேட்கிறார். ஆடு மேய்ப்பவரும் கொல்லரும் உடுத்தும் சாதாரண உடுப்பைக் கொடு, மகிமையை நீயே திரும்ப எடுத்துக்கொள் என்று போகிறது. ரபிமார்கள் புத்தகத்தை எரித்தார்கள் என்கிறபோது இந்தக் கவிதையும் எனக்குக் கூடவே நினைவுக்கு வருகிறது. தெரிவை மறுப்பது ஒன்று. அது உண்மை என்றே வைத்துக்கொண்டு, போதும் சாமி என்று திருப்பிக் கொடுப்பது வேறு.

#10 தாழ்வாரம்

இப்போது சியோனிசத்துக்கு வருவோம். ஹெர்ட்ஸலின் ‘எல்லாரையும் போல’ என்ற வழி அந்த இயக்கத்தில் பாதிதான். தொடக்கத்திலேயே அதை எதிர்த்தவர் எபிரேய எழுத்தாளர் அஹத் ஹாஅம். அவருக்கும் வைதிக நம்பிக்கை இல்லை. ஆனால் எல்லாரையும் போல ஆவதற்கு இவ்வளவு பாடு எதற்கு, அதற்குப் பேசாமல் அவர்களோடு கலந்துவிடலாமே என்று கேட்டார். 1898-இல் ஜெர்மன் தத்துவஞானி நீட்ஷேயை எதிர்கொண்டு எழுதிய கட்டுரையில், மேலான மனிதன் என்று ஒருவன் இருக்கலாம் என்றால் அறத்தில் மேலான ஒரு ஜனமும் இருக்கலாம், யூதர்கள் எப்போதும் தங்களை அப்படித்தான் கண்டார்கள் என்று வாதிட்டார். தேர்ந்தெடுத்தவர் போய்விட்டார், தேர்வு மட்டும் நிற்கிறது. இன்றைய மதச்சார்பற்ற தேசியவாதிக்கு வழி போட்டுக் கொடுத்தது அந்தக் கட்டுரைதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு எபிரேய எழுத்தாளரான பெர்டிசெவ்ஸ்கி அவரோடு மோதினார். யூத மதத்தின் சாரம், அறம் என்று பேசிப் பேசி உயிருள்ள யூதனை நசுக்கிவிட்டோம் என்றார். எழுத்தாளர் பிரென்னர் எல்லாரையும்விடக் கசப்பானவர். ‘எங்களைத் தெரிந்துகொண்டாய்’ என்பதைத் தொழுகைப் புத்தகத்தில் எந்த வடிவில் இருந்தாலும் சந்தோஷமாக அழித்துவிடுவேன் என்று எழுதினார். காப்ளான் அதை அச்சில் செய்வதற்கு வெகுகாலம் முன்பே. அவர் 1921 யாஃபா கலவரத்தில் கொல்லப்பட்டார்.

வென்றது என்னவோ இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன் வழி. அவரிடம் இரண்டும் ஒன்றாக இருந்தன. ‘விசேஷ ஜனம்’ என்ற உபாகமத்தின் வார்த்தையும், ‘ஜாதிகளுக்கு ஒளி’ என்ற ஏசாயாவின் வார்த்தையும் அவர் பேச்சில் சளைக்காமல் வரும். ஆனால் கடவுள் யூதர்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, யூதர்கள்தான் கடவுளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவே அவருக்குப் பிடிக்கும். யோசுவா 24-இல் சீகேமில் கூடிய ஜனங்கள் கர்த்தரைச் சேவிக்கத் தெரிந்துகொண்டோம் என்று சாட்சி சொல்கிறார்களே, அந்த இடம். கெட்டிக்காரத்தனமான திருப்பம். மேலே இருந்து வந்த கட்டளை தேசத்தின் சுயவிருப்பமாகிவிடுகிறது, அதே நேரம் மகிமையில் ஒரு பைசா குறையவில்லை.

#11 கொட்டாரம்

அதைத்தானே நான் இரண்டாவது பதிவிலேயே சொன்னேன்?

#12 தாழ்வாரம்

முடிவு பக்கத்தில் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கணக்கில் லெய்போவிட்ஸுக்கு இடம் இல்லை. அவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது.

யெஷயாஹு லெய்போவிட்ஸ், ரீகாவில் 1903-இல் பிறந்தவர், ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். ஒரு கட்டளை விடாமல் கடைப்பிடித்த வைதிக யூதர். 1967 போர் முடிந்து நாடே ஆனந்தக் கூத்தாடியபோது, பிடித்த நிலங்களை விட்டு வெளியேறாவிட்டால் இந்த நாடு அழுகிவிடும் என்று சொன்ன மிகச் சிலரில் ஒருவர். ஜெருசலேமில் யூதர்கள் தொழும் மேற்குச் சுவரைச் சுற்றி நடந்த ஆரவாரத்தைப் பார்த்து அதை ‘டிஸ்கோ’ என்று கிண்டல் செய்தார். 1993-இல் அவருக்கு இஸ்ரேல் பரிசு அறிவித்தார்கள். பிரதமர் ராபின் விழாவுக்கே வரமாட்டேன் என்றதும் இவரே வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் திரும்பத் திரும்பக் காட்டும் இடம் எண்ணாகமத்தில் இருக்கிறது. அருள்மணி எடுத்துப் பாருங்கள். 15-ஆம் அதிகாரத்தின் கடைசியில் உடுப்பில் தொங்கல்கள் வைத்துக்கொள்ளும் கட்டளை. அதைப் பார்த்து என் கற்பனைகளை (கட்டளைகளை) நினைத்து நடந்து, உங்கள் தேவனுக்குப் பரிசுத்தராயிருங்கள் என்று வருகிறது. அடுத்த வசனத்தைத் தாண்டினால் 16-ஆம் அதிகாரம், கோராகின் கலகம். கோராகு மோசேயிடம் என்ன சொல்கிறான்? ‘சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள்.’ ஒன்றில் பரிசுத்தம் இனிமேல்தான் அடைய வேண்டிய வேலை, அதுவும் முடியாத வேலை. மற்றதில் அது ஏற்கெனவே கையில் இருக்கும் சொத்து. லெய்போவிட்ஸ் சொல்வது, தெரிவு என்பது முதல் வகை. அதை இரண்டாவதாக மாற்றுகிறவன் கோராகின் ஆள். பூமி வாயைத் திறந்து யாரை விழுங்கிற்று என்பதும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது.

ஹலேவிக்கும் மைமோனிடிஸுக்கும் நடந்த அதே வழக்குதான். லெய்போவிட்ஸ் சந்தேகமில்லாமல் மைமோனிடிஸ் கட்சி.

#13 அருள்மணி

எடுத்துப் பார்த்தேன். இரண்டும் அடுத்தடுத்து இருப்பது எத்தனையோ முறை படித்தும் கண்ணில் படவில்லை. எங்கள் போதகர்கள் கோராகைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்திருப்பார்கள்! எல்லாமே ‘தலைமைக்குக் கீழ்ப்படி’ என்றுதான் முடியும்.

அப்படியானால் எதிர்க்கட்சி யார்? குக்?

#14 தாழ்வாரம்

ஆமாம், ஆனால் பெரிய குக்கையும் மகனையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆபிரகாம் இசாக் குக், பிரிட்டிஷ் காலப் பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்களின்) தலைமை ரபி, 1935-இல் இறந்தார். மனிதர் எல்லாரையும் நேசிப்பதைப் பற்றி உருக உருக எழுதியவர். ஓய்வுநாளை மீறிக் கழனியில் உழுத நாத்திக இளைஞர்கள்கூடத் தாங்கள் அறியாமலே கடவுளின் வேலையைச் செய்கிறார்கள் என்று அவர்களை அணைத்துக்கொண்டவர். ஆனால் அவரே, இஸ்ரவேலின் ஆத்துமாவுக்கும் மற்ற ஜனங்களின் ஆத்துமாவுக்கும் உள்ள இடைவெளி, மனித ஆத்துமாவுக்கும் மிருகத்துக்கும் உள்ளதைவிடப் பெரிது என்றும் எழுதிவைத்தார். இதில் அவர் ஹலேவியையும் தாண்டிப் போய்விட்டார்.

மகன் ஸ்வி யெஹூதா குக், தகப்பன் நிறுவிய ஜெருசலேம் யெஷிவாவில் (மதப் பாடசாலையில்), 1967 மே மாதச் சுதந்திர நாளன்று மாணவர்கள் முன் பேசினார். நம் எப்ரோன் எங்கே, நம் சீகேம் எங்கே, நம் எரிகோ எங்கே என்று கதறினார். மூன்று வாரத்தில் போர் மூண்டது, மூன்று ஊர்களும் இஸ்ரேல் கையில் வந்தன. கேட்டுக்கொண்டிருந்த பையன்களுக்கு அது தீர்க்கதரிசனமாகவே பட்டது. 1974-இல் குடியேற்ற இயக்கமான குஷ் எமுனிமைத் தொடங்கியவர்களில் பலர் அந்தப் பையன்கள்தான். ஆமோஸின் ‘ஆகையால்’ அங்கே காணாமல் போய்விட்டது. தெரிவு என்றால் நிலம் என்று ஆயிற்று.

#15 மாலைவெயில்

மதவாதிகளை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டத்தைப் பாருங்கள்.

ஆஸ்வால்ட் ருஃபைசன், போலந்து யூதர். போர்க்காலத்தில் தன் அடையாளத்தை மறைத்து, மீர் ஊரில் ஜெர்மன் காவல்படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தபடியே யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவுக்குத் தகவல் கொடுத்தவர். 1942-இல் அழித்தொழிப்புக்கு முன்பே சுமார் 300 பேர் தப்பி ஓட முடிந்தது. அப்புறம் ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கராகி, துறவியுமாகி, 1959-இல் ஹைஃபா கார்மேல் மடத்துக்கு வந்தார். மதத்தால் நான் கத்தோலிக்கன், இனத்தால் யூதன், யூதர் யார் வந்தாலும் குடியுரிமை தரும் ‘திரும்பிவரும் உரிமை’ச் சட்டப்படி எனக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று வழக்குப் போட்டார்.

1962-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், யூத மதச் சட்டப்படி மதம் மாறினாலும் அவர் யூதர்தான் என்று நீதிபதி சில்பர்க் ஒப்புக்கொள்கிறார். ஆனால் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் மதச்சார்பற்றது, சாதாரண மனிதன் யாரை யூதன் என்பானோ அவனே யூதன், துறவி அங்கி போட்டவரை யாரும் யூதர் என்று சொல்ல மாட்டார்கள் என்று முடிக்கிறார். மத நீதிமன்றம் உள்ளே விட்டிருக்கக்கூடியவரை மதச்சார்பற்ற நீதிமன்றம் வெளியே நிறுத்தியது. அவர் பிறகு சாதாரண வழியில் குடியுரிமை வாங்கி, 1998-இல் ஹைஃபாவிலேயே இறந்தார்.

இந்தியாவோடு தொட்ட கதையும் ஒன்று உண்டு. கொங்கண் கரையிலிருந்து போன பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூதர்களை 1960-களின் தொடக்கத்தில் தலைமை ரபி அலுவலகம் சந்தேகப்பட்டது. திருமணப் பதிவுக்கு வந்தால் பாட்டி, முப்பாட்டி வரை விசாரி என்று உத்தரவு. அவர்கள் ஜெருசலேமில் போராட்டம் நடத்தினார்கள். இவர்கள் எல்லா வகையிலும் மற்ற யூதர்களுக்குச் சமம் என்று 1964-இல் நாடாளுமன்றமான நெசெட் அறிவிக்க வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்குள்ளேயே இன்னொரு சல்லடை.

#16 பனங்காடு

இதில் தெரிவு எங்கே வருகிறது? யாருக்குக் குடியுரிமை என்று எல்லா நாடும் விதி வைத்திருக்கிறது. ஜெர்மனி வெகுகாலம் இரத்த வழி பார்த்தது. யூதர் செய்தால் மட்டும் அதற்குப் பின்னால் சீனாய் மலையைத் தேடுகிறோம். 2018-ஆம் ஆண்டுத் தேச அரசுச் சட்டத்தையும் இப்படித்தான் பேசுகிறார்கள். அதில் கடவுளும் இல்லை, தெரிவும் இல்லை.

#17 வாசகசாலை

நியாயமான கேள்வி, அதனால் சட்டத்துக்குள்ளேயே போவோம். 2018 ஜூலை 19, நெசெட்டில் 62-க்கு 55 என்று நிறைவேறியது. இஸ்ரேலில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது. அரபு மொழி ஆட்சிமொழி என்ற இடத்திலிருந்து ‘தனி அந்தஸ்து’ என்று இறங்கியது. யூதக் குடியேற்றத்தை வளர்ப்பது தேசிய மதிப்பு என்கிறது. நீங்கள் சொன்னபடி கடவுள் இல்லை. ஆனால் ‘சமத்துவம்’ என்ற வார்த்தையும் இல்லை. 1948 பிரகடனத்தில் அது இருந்தது. மதம், இனம், பால் பார்க்காமல் முழுச் சமூக, அரசியல் சமத்துவம் என்று எழுதிவிட்டு, சுதந்திரம், நீதி, சமாதானம் இவை இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் கண்டபடி என்றும் சேர்த்திருந்தார்கள். மதச்சார்பற்றவர்கள் எழுதிய அந்தத் தாளில்கூட ஆமோஸுக்கும் ஏசாயாவுக்கும் ஒரு மூலை இருந்தது.

மாலைவெயில், ‘வாய்ப்பாடம்’ என்றீர்கள். எனக்குத் தோன்றுவது இது. தேசியம் அந்தப் பழைய வாக்கியத்தின் முதல் பாதியை, ‘உங்களை மட்டும் அறிந்துகொண்டேன்’ என்பதை, சட்டமாக்கிக்கொண்டது. ‘ஆகையால்’ என்று தொடங்கும் பாதியைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டுமே? அரசுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. நம்பிக்கை கழன்றதால் தெரிவு வலுவிழந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். கட்டுப்படுத்துகிறவர் போனதால் அது இன்னும் லேசாகச் சுமக்கக்கூடியதாகிவிட்டது.

#18 பனங்காடு

அழகாகச் சொல்கிறீர்கள், ஆனாலும் நான் ஏற்கவில்லை. கடவுளை உறுதியாக நம்புகிற ஸ்வி யெஹூதா குக்கின் மாணவர்களை அந்த ‘ஆகையால்’ கட்டுப்படுத்தியதா? நம்பிக்கை கழன்ற பிரென்னர்தான் அதை அழிக்கச் சொன்னார். உங்கள் கணக்கு இரண்டு பக்கமும் உதைக்கிறது.

#19 வாசகசாலை

குக் மாணவர்கள் விஷயத்தில் உதைக்கிறதுதான். நிலமே அத்தாட்சி என்றான பிறகு அவர்களுக்கும் தீர்க்கதரிசி தேவைப்படவில்லை என்று என்னால் சொல்ல முடியும், ஆனால் அவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். பிரென்னர் விஷயத்தில் உதைக்கவில்லை. அவர் இரண்டு பாதியையும் சேர்த்தே கிழித்தார்.

#20 கொட்டாரம்

இஸ்ரேலில் அரபு பேசும் தனி மதச் சிறுபான்மையினரான துரூஸ்காரர்களை யாரும் சொல்லவில்லையே. அவர்கள் இஸ்ரேல் ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்கிறவர்கள். அந்தச் சட்டம் வந்த அடுத்த மாதம் டெல் அவிவ் ராபின் சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள், கூடவே யூதர்களும் நின்றார்கள். ‘சாகும்போது சமம், சட்டத்தில் இல்லையா’ என்பதுதான் கேள்வி. உங்கள் ஹலேவி, மைமோனிடிஸ் எல்லாம் அவர்களுக்கு எதற்கு?

#21 தாழ்வாரம்

அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசிய யூதர்கள் எதைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள் என்பதும் முக்கியம். பலர் 1948 பிரகடனத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள், சிலர் அதில் வரும் தீர்க்கதரிசிகளை. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 10-க்கு 1 என்று சட்டத்தை நிலைநிறுத்தியது. சமத்துவம் மற்ற சட்டங்களில் இருக்கிறது, இதை அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது பெரும்பான்மையின் வாதம். மறுத்த ஒரே நீதிபதி ஜார்ஜ் கர்ரா, அந்த அமர்வில் இருந்த ஒரே அரபு நீதிபதி.